பவிசும் கமுக்கமும்

அந்தத் தெருவில் எனக்குப் பெயர் மாடி சார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை, காஜாக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை. மாடி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு ஜன்னல், கீழே கூடத்திலிருந்தே ஏறிப்போகிற மரப்படி. நான் ஏறினால் படி இடுக்கிலிருந்து தூசி உதிரும். கீழே உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பவள் தலையில் அது விழும். "மாடி சார் வந்தாச்சு, பவுடர் போட்டாச்சு" என்று தலையைத் தட்டிக்கொள்வாள்.

தெருவுக்கு இரண்டு சாரி, எதிரெதிராக இரண்டு வீட்டு வரிசை. இரண்டிலும் சேராதவன் நான் என்பதால் இரண்டு பக்கத்திலும் எனக்குத் தேநீர் கிடைக்கும். கூடவே அடுத்த பக்கத்தைப் பற்றிய புறணியும் கிடைக்கும். உண்மையில் இரண்டு சாரிக்காரர்களின் பாட்டன் பூட்டன்மாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்தான். புறப்பட்ட ஊர் வேறு, பேச்சு வேறு, வந்த வேலை மட்டும் ஒன்று. தண்டவாளம் போட வந்தார்கள். வேலை முடிந்தது, கப்பல் திரும்பி வரவில்லை.

வந்த புதிதில் குடியிருப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தானாம். துப்புரவாக, மரியாதையாக நின்றவர்களைக் கொட்டகையில் விட்டுவைத்து, அழுக்காக நின்றவர்களைக் கூடாரத்துக்கு விரட்டினானாம். கொட்டகையில் தங்கியவர்கள்தான் காஜாக்கா சாரியின் முன்னோர். கையில் காகிதத்தோடு எவன் வந்தாலும் கண்ணுக்கு நிறைவாக நிற்க வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கூடாரத்துக்குப் போனவர்கள் அங்கே சின்னதாகக் கடை போட்டார்கள். அடுக்கிவைத்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு இன்னொரு அதிகாரி, வரி என்று சொல்லி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். கையில் காகிதத்தோடு எவன் வந்தாலும் இருப்பதைக் காட்டக் கூடாது என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தத் தெருவில் பூனைகளின் பேரன் பேத்திகளும் போகவில்லை.

ஆகவே எதிர்சாரிக்காரர்கள் காஜாக்கா சாரிக்காரர்களுக்கு வைத்த பெயர் பவிசுக்காரங்க. இவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் கமுக்கக்காரங்க. இரண்டும் பொருத்தமான பெயர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

கமுக்கச்சாரியில் ஆணிக்கடை, கயிற்றுக்கடை, சாக்குக்கடை, விளக்குக்கடை என்று வரிசையாகக் கடைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கும். ஒரு கடை பிறகு இரண்டாகும், இரண்டு நாலாகும். ஆனால் முன்சுவருக்குச் சுண்ணாம்பு காட்ட மாட்டார்கள். கிழிந்த சாக்குதான் வாசல் திரை. பவிசுச்சாரியிலோ ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் வருஷம் தவறாமல் வர்ணம் அடிப்பார்கள். ஆண்கள் மூட்டை தூக்கப் போனாலும் சட்டையில் மடிப்புக் கலையாமல் போவார்கள். ரயில் கூட்ஸ் ஷெட்டில் போய்க் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மூட்டையைத் தொடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பானையில் எதிரொலி கேட்கும்.

பவிசுச்சாரியில் ஒரு வழக்கம் உண்டு. நான் வேறெங்கும் கண்டதில்லை. தங்கக்கோடு போட்ட ஆறு கப்புகள், மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை விசிறி, ஒரு சுவர்க் கடிகாரம். இவை யாருடையவை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறாரோ அந்த வீட்டுக்குப் பின்சந்து வழியாக இவை போய்ச் சேரும். கேட்கக்கூட வேண்டாம், வருகிற செய்தி தெரிந்தால் போதும். ஒரு கப்பின் விளிம்பில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க அங்கே நடைபழகும் குழந்தைக்கும் தெரியும்.

"எதுக்குக்கா இவ்வளவு பாடு? டம்ளர்ல குடுத்தா டீ தொண்டையில எறங்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருக்கறதே நெளிஞ்ச டம்ளர். அதுல குடுத்தா நாமளும் நெளிஞ்சவங்கன்னு ஆயிடும் மாடி சார்" என்றாள் காஜாக்கா.

அவள் நெளியாதவள்தான். விடிந்ததும் கம்பெனி வண்டியிலிருந்து சட்டைக்கட்டு இறங்கும். கத்தரிக்கோல் நுனியால் ஒரு வெட்டு, பிறகு அந்த வெட்டின் இரண்டு உதட்டையும் நெருக்கமாகத் தையல் போட்டு அடைக்க வேண்டும். நூலை மெழுகில் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. சாயங்காலமானால் ஊசிக்காது தெரியாது. மகளைக் கூப்பிட்டு நூல் கோக்கச் சொல்வாள். மகளுக்குப் பதினேழு வயது ஆகியும் வீட்டிலும் தெருவிலும் பாப்பாதான்.

காஜாக்காவின் புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, மூட்டையும் அவருமாக விழுந்தார்கள். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தபோது அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் மனிதர் கத்துவார். ஒருநாள் புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். அவர் கத்தவில்லை. பாப்பா பக்கத்தில் நின்று பார்த்தவள், அந்த நர்ஸ் பின்னாலேயே வராந்தா முழுக்க நடந்து கேட்டாளாம், "எப்படி அக்கா பண்ணீங்க?" என்று. முட்டியை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும், தனித்தனியாகத் திருப்பினால் முதுகு முறுக்கிக்கொள்ளும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அப்பாவைப் புரட்டுவது பாப்பாவின் வேலை. நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான். பள்ளிப் படிப்பை முடித்தாள். மார்க் நல்ல மார்க். ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் பள்ளியில் பொதுவில் இடம் கிடைக்கிற அளவுக்கு ஒரு விரற்கடை குறைந்தது. பணம் கட்டிச் சேர்கிற இடத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை.

அந்த வெயில்காலத்தில்தான் டீச்சர் வந்தாள். அவள் டீச்சர் இல்லை. இந்த ஊரில் ஒரே காலத்தில் வந்து குடியேறிய இரண்டு கூட்டத்தாரும் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள், யார் மேலே போனார்கள், யார் கீழே நின்றார்கள் என்று ஆராய அனுப்பப்பட்ட பெண். கையில் பையும் பேனாவும் இருந்ததால் தெரு அவளை டீச்சராக்கிவிட்டது. எதற்காகக் கேட்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம், சொன்னால் பதில் மாறிவிடுமாம்.

அவள் தெருமுனையில் கால் வைத்தபோதே நாற்காலிகள் கிளம்பிவிட்டன. காஜாக்கா வீட்டு முறை வந்தபோது நான் படியில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். விசிறியைத் தொட்டுப் பார்த்தேன், முந்தின வீட்டில் ஓடிய சூடு இன்னும் ஆறவில்லை.

"வீட்டுல சம்பாத்தியம் போதுதாம்மா?" என்று டீச்சர் கேட்டாள்.

"போதுதாவா? மிச்சந்தான் டீச்சர். ஒரு குறையும் இல்ல."

"மூணு வேளையும் சாப்பாடு?"

"நாலாவது வேளைக்கு வயித்துல எடம் இல்ல, அதான் நிறுத்திட்டோம்."

"உங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்கறாரு?"

"கூட்ஸ் ஷெட்டுல மேற்பார்வை. இப்ப லீவுல இருக்காரு."

கட்டிலில் கிடந்த அண்ணன், "ஆமாங்க, ரொம்ப நல்ல லீவு. எந்திரிக்கவே விடமாட்டேங்குது" என்றார். டீச்சர் சிரித்து எழுதிக்கொண்டாள். தேநீரைக் கையில் வாங்கியவள் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தச் சாரியில எல்லார் வீட்லயும் இதே கப்பு இருக்கே! ஒரே கடையில வாங்கினீங்களா?"

"ஆமா டீச்சர், எல்லாரும் சேர்ந்து வாங்கினா விலை குறைச்சுத் தருவான்" என்றாள் காஜாக்கா, ஊசி நுழைகிற இடைவெளிகூட விடாமல்.

டீச்சர் முன்வாசல் இறங்கினாள். பின்வாசலில் பாப்பா விசிறியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒயர் மண்ணில் இழுபட ஓடினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது அழுகைதான்.

பூட்டு வாங்க வேண்டியிருந்ததால் எதிர்சாரிக் காட்சியையும் பார்த்தேன். ஆணிக்கடையம்மா டீச்சரை ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார வைத்திருந்தாள். அவள் உடுத்தியிருந்தது ஒரு கிழிசல் புடவை. குடிக்கத் தண்ணீர், அதுவும் ஈயம் போன சொம்பில்.

"ஏதோ கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிட்டு கெடக்கோம். கடையா இது? ஆணி வித்து யாரு மாடி கட்டினா?"

உள்ளறையில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. "என்னம்மா சத்தம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"வண்டும்மா. கூரையில கூடு கட்டியிருக்கு, வெரட்ட ஆள் இல்ல."

அது சாக்குப் போர்த்தி வைத்திருந்த ஃப்ரிஜ். அதிலிருந்து ஐஸ் தண்ணீர் எத்தனையோ தடவை நானே குடித்திருக்கிறேன்.

வெயில் போய்க் காற்று மாறிக்கொண்டிருந்தபோது பேப்பரில் செய்தி வந்தது. நான்தான் வாங்கிவந்து காஜாக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஆராய்ச்சியின் முடிவில் இந்தச் சாரிக்காரர்கள் முன்னேறிய கூட்டத்தார் என்றும், எதிர்சாரிக்காரர்கள் பின்தங்கியவர்கள் என்றும் கண்டிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "கேட்டீங்களா? நம்மள முன்னேறினவங்கன்னு போட்டிருக்கான். பேப்பர்ல!" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் படுத்த எடத்துலயே முன்னேறியிருக்கேன் பாரு" என்றார் அண்ணன்.

பாப்பா என் கையிலிருந்து பேப்பரை வாங்கி மிச்சத்தைப் படித்தாள். மெதுவாகப் படிக்கிற பெண் இல்லை அவள். அன்றைக்கு நேரம் எடுத்தது.

"அம்மா, பின்தங்கினவங்களுக்கு நர்ஸ் பள்ளியில தனியா எடம் ஒதுக்கியிருக்காங்களாம். ஃபீஸ் கிடையாது. தங்கறது, சாப்பாடு எல்லாம் அங்கயே."

"நல்லதுதான. வாங்கிக்க."

"பின்தங்கினது அவங்கம்மா. நாம இல்ல."

காஜாக்கா உட்கார்ந்தாள். காலரில் குத்திய ஊசியைத் தேடினாள், கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை. அன்று அந்த வீட்டில் உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அதன்பிறகு வந்த நாட்களில் அவள் சட்டைக்கட்டை விட்டு எழவே இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அதுதான் தாயை அறுத்தது. பாப்பாவின் தையல் சுத்தமாகவே இருந்தது. "இவ்வளவு சீக்கிரம் கத்துக்காதடி" என்று ஒருநாள் திடீரென்று கத்தினாள். பிறகு அந்தச் சட்டையை வாங்கி, நல்ல காஜாவைப் பிரித்து, தானே மறுபடி போட்டாள்.

கடைசியில் அண்ணன்தான் வழி சொன்னார். "போய் உள்ளத சொல்லிட வேண்டியதுதான. அந்த டீச்சர் பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருந்துச்சு."

"என்னன்னு சொல்லுவேன்? நாங்க இல்லாதவங்கன்னா?"

"இல்லாதவங்கதான?"

"நமக்குத் தெரியும். அது போதாதா?"

"பாப்பாவுக்குப் போதலையே."

இந்தச் சாரியை மறுபடி வந்து பார்க்கச் சொல்லி டீச்சரின் ஆபீசுக்கு ஒரு மனுவை நான் எழுதினேன். சாரியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தெருக்கோடி இஸ்திரிக்காரர் பெரிய ஆள், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். "பாட்டன் காலத்துலேர்ந்து காப்பாத்தின மானம்" என்று ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு பேத்தி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "சரி, போடுங்க கையெழுத்த" என்றார். டீச்சர் மறுபடி வந்து சில வீடுகளைப் பார்ப்பாள், எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டாள் என்று பதில் வந்தது. அவள் வந்து போகும்வரை கப்புகளையும் நாற்காலிகளையும் விசிறியையும் கடிகாரத்தையும் இஸ்திரிக்காரர் வீட்டில் பூட்டி வைப்பதென்று முடிவாயிற்று. சாரியே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சாயங்காலம், தெருவிளக்கு எரியுமுன், ஆணிக்கடையம்மா தலையில் முக்காட்டோடு பின்சந்து வழியாக வந்தாள். எதிரெதிர் வாசலில் வாழ்ந்தும் அவள் அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"என் பொண்ணுக்கு எடம் கெடச்சிருக்கு. நான் கேக்கல. வீடு தேடி வந்து குடுத்தாங்க" என்றாள் உட்காராமலே.

"சந்தோஷம். போய் நல்லாப் படிக்கட்டும்" என்றாள் காஜாக்கா. உட்காரச் சொல்லிப் பாயை விரித்தவள், நாற்காலி இல்லையே என்று கூசினாள்.

"நாற்காலிய விடு. நான் சொல்றத கேளு. டீச்சர் மறுபடி வந்து உங்க சாரியையும் சேத்துட்டா எடத்தப் பாதிப் பாதியாப் பிரிப்பாங்களாம். என் பொண்ணும் போகும், உன் பொண்ணும் போகும். ஆனா உன்னால முடியாது."

"என்ன முடியாது?"

"இல்லாதவளா நிக்க முடியாது. உனக்குப் பழக்கமில்ல. அதான் சொல்லிக்குடுக்க வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் உப்பு வாங்கினால் புளி இல்லை, புளி வாங்கினால் உப்பு இல்லை. அவளுக்கு இல்லாமை சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள், ஃப்ரிஜ்ஜைச் சாக்கில் மூடிவைத்திருக்கிறவள். ஆனால் அந்த அம்மாள் வெகு காரியமாகத்தான் வந்திருந்தாள்.

"மொதல்ல அந்தக் கதவு. என்னா பளபளப்பு! ஈரச் சாக்க தொங்க விடு. தரைய மெழுகாத. பாத்திரத்தத் தேச்சு அடுக்காத, அங்கங்க கெடக்கட்டும்."

"ஐயோ, பாத்திரம் போட்டபடி கெடந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"இல்லாதவங்கன்னு நெனப்பாங்க. அதுக்குத்தான போடச் சொல்றேன்! தலைக்கு எண்ணெ வைக்காத."

"எண்ணெ வைக்காமயா வந்தவங்க முன்னாடி நிக்கிறது?"

"பாரு, பாரு, இதான். கேட்ட கேள்விக்கு 'ஏதோ ஓடுது'ன்னு மட்டும் சொல்லு, நிமுந்து பாக்காத. குடிக்கத் தண்ணி போதும். டீ போடாத. டீ போட்டேன்னா உன் கை உன்ன காட்டிக் குடுத்துடும்."

காஜாக்கா சிறுமி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆணிக்கடையம்மா போக எழுந்தவள் கட்டிலில் கிடந்த அண்ணனைப் பார்த்து நின்றாள்.

"இவரு விழுந்தப்போ உங்க சாரியே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. எல்லாரும் கெளம்பிப் போறத என் கடையிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். என் மாமனாரு படுத்தப்போ நாங்க வாசக்கதவச் சாத்தி வச்சுட்டோம். வைத்தியத்துக்கு எவ்வளவு செலவு பண்றோம்னு அக்கம்பக்கம் கணக்குப் போடுமேன்னு. பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோகல. காசு இருந்துச்சு காஜாக்கா. உள்ள பெட்டியில இருந்துச்சு. மனுஷன் கூடத்துல போயிட்டாரு." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "நாங்க உள்ளத சொல்லிடலாம்னா எங்க ஆளுங்க எங்கள அப்புறம் சேக்கமாட்டாங்க. அதான், நீயாவது இல்லங்கறத சொல்லு."

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் டீச்சர் வந்தாள். முதல் வீடாகக் காஜாக்கா வீட்டில்தான் ஏறினாள். குடை ஒரு பக்கம் மடங்கி, புடவை முழங்கால்வரை நனைந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே நின்றாள். ஈரச் சாக்கு தொங்கியது. பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. கடிகாரம் மாட்டுகிற ஆணி சுவரில் மொட்டையாக நின்றது. காஜாக்கா தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அண்ணன் அப்போது சாய்ந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தார். என்னோடு படியின் அடியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

டீச்சர் பாயில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். "போன தடவை நாற்காலி இருந்துச்சே?"

"இப்ப இல்ல டீச்சர்" என்றாள் காஜாக்கா. குனிந்த தலை நிமிரவில்லை.

"வருமானம்?"

"ஏதோ ஓடுது."

"மூணு வேளை சாப்பாடுன்னு சொன்னீங்க."

காஜாக்கா பாயின் ஓரக் கோரையை இழுத்துவிட்டாள். "ரெண்டு வேளை. சில நாள் அதுவும் இல்ல." அதைச் சொல்லும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் அப்படிப் புடைக்கும். "அவரு மேற்பார்வையெல்லாம் இல்ல. மூட்டை தூக்கினவரு. இனிமே தூக்கமாட்டாரு."

டீச்சரின் பேனா ஓடியது. அவள் முகம் இளகியிருந்தது. ஒரு தடவை அண்ணனைப் பார்த்தாள், பிறகு மறுபடி எழுதினாள். முடிந்தது, கரையேறிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனும் பெருமூச்சு விட்டார்.

அப்போது பாப்பா வந்தாள்.

தட்டில் தேநீர். தங்கக்கோடு போட்ட கப்பு. சில்லு பெயர்ந்த பக்கம் சுவரைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. பின்சந்துச் சேறு அவள் கணுக்கால்வரை அப்பியிருந்தது, தலையில் மழை. இஸ்திரிக்காரர் வீடுவரை ஓடிப்போய் வந்திருக்கிறாள். பூட்டி வைத்ததை அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பிறகு கேட்டேன். "டீச்சர் நனைஞ்சு வந்திருக்காங்கன்னு சொன்னேன், கேக்காமயே தெறந்து குடுத்தாங்க" என்றாள்.

டீச்சர் கப்பை வாங்கினாள். வாங்கிய கை அப்படியே நின்றது. கப்பைப் பார்த்தாள், மொட்டை ஆணியைப் பார்த்தாள், வாசலில் தொங்கிய ஈரச் சாக்கைப் பார்த்தாள். சாக்கின் ஓரத்தில் கதவின் புது வர்ணம் பளபளத்தது.

"இந்தக் கப்பு போன தடவையும் இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "அப்ப மத்ததெல்லாமும் இருக்கு. நான் வர்றேன்னு தெரிஞ்சு ஒளிச்சு வச்சிருக்கீங்க. இல்லையாம்மா?"

"டீச்சர், அந்தக் கப்பு..." என்று நான் எழுந்தேன். அண்ணன் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். அவ்வளவு பலம் அவர் கையில் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சொல்ல வேண்டியவள் சொல்லட்டும் என்பதாக எடுத்துக்கொண்டேன்.

"இதை மட்டும் சொல்லுங்க" என்றாள் டீச்சர். கோபம் இல்லை. இப்போதும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். "இந்தக் கப்பு உங்களோடதா, இல்லையா?"

இரவல் என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். பட்டினியைச் சொல்லியாகிவிட்டது, புருஷனின் முதுகைச் சொல்லியாகிவிட்டது, அவற்றைவிட இது ஒன்றும் பெரிதில்லை. காஜாக்கா வாயைத் திறந்தாள். எதிரே மகள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் மழைத்தண்ணீர் சொட்டுகிறது. வந்தவள் கையில் கப்பு இருக்கிறது, உதடுவரை போய்விட்டது. குடிக்கிறவள் முகத்துக்கு நேரே, இது எங்களுடையது இல்லை, கடன் வாங்கி உனக்குக் கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னவர்கள் அந்தச் சாரியில் பிறக்கவில்லை.

அவள் தலை நிமிர்ந்தது.

"எங்களோடதுதான் டீச்சர். என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. ஆறிடப் போவுது, குடிங்க."

டீச்சர் தேநீரை முழுக்கக் குடித்தாள். அது ஒன்றுதான் அன்று அவள் செய்த நல்ல காரியம். எழுதிய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பையை மூடினாள். "டீ ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று பாப்பாவிடம் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். ஈரச் சாக்கு அவள் தோளில் உரசி ஆடியது.

தாய் மகளைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது கோபமாக இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன்டி?" என்றாள்.

"நடுங்கிட்டு வந்தாங்கம்மா" என்றாள் பாப்பா. இப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. "நெளிஞ்ச டம்ளர்லயா குடுக்கச் சொல்ற?"

காஜாக்கா மகளின் சேற்றுக் காலைப் பார்த்தாள். முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள், அழுத்தித் துவட்டினாள். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே குடை போகிற திசையைப் படியிலிருந்தே பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அதைக் காஜாக்காவும் பார்த்தாள். தரையில் இருந்த கப்பை எடுத்து, அடியில் ஒட்டிய தூளைக் கொட்டி, சொம்புத் தண்ணீரில் அலசி, தன் புடவையிலேயே துடைத்தாள். தங்கக்கோட்டின் மேல் விரல் படாமல் மகள் கையில் கொடுத்தாள்.

"பக்கத்து வீட்டுக்குள்ள போறாங்க, பாரு. பின்சந்துல ஓடு, சீக்கிரம்."